ஓடிபி சார்

ஜனவரி 9

பதினோரு நாள் ஆலோசனைக்குப் பிறகு, கைப்பேசிக்குப் பழுப்பு நிற உறையே வாங்குவது என்று இன்று காலை ஆறு நாற்பதுக்கு முடிவு செய்தேன். கறுப்புக்கு ஆதரவான வாதங்கள் இரண்டு. ஒன்று, அழுக்குத் தெரியாது. மற்றொன்று, எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். இரண்டாவது வாதமே கறுப்பைத் தோற்கடித்தது. கடைக்காரர் நீலம்தான் இருக்கிறது என்றார். நீலம் வாங்கி வந்தேன். முடிவில் மாற்றமில்லை, அமலாக்கத்தில் சிறு திருத்தம்.

கைப்பேசி, மகள் கயல்விழி புனேயிலிருந்து அனுப்பியது. "அம்மா போனதுக்கப்புறம் நீங்க யார்கிட்டயும் பேசுறதே இல்லப்பா" என்று காரணம் சொன்னாள். அபாண்டம். பால்காரரிடம் தினமும் பேசுகிறேன். "நாளைக்கும் அரை லிட்டர்தான்."

முப்பத்திரண்டு ஆண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவன். தேதி போட்டு எழுதி வைக்காத எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றுவதில்லை.

ஜனவரி 21

பூ விற்கும் கோட்டையம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"சார், நீங்க படிச்சவுகதான? கேஸ்காரன் ஏதோ நாலு நம்பர் கேக்குறான். சொன்னாத்தான் சிலிண்டராம். அது எம்மவன் போனுக்குப் போகுது. அவன் திருப்பூர்ல மிசின்ல உக்காந்தா போனையே எடுக்க மாட்டான்."

அரை மணி நேரம் போராடி, அவளுடைய இணைப்பில் மகன் எண்ணை நீக்கி என் எண்ணைப் பதிவு செய்தேன். மாலை சிலிண்டர் வந்தது. மாடியிலிருந்து நான்கு இலக்க ஓடிபியைத் தெருவுக்கு அறிவித்தேன். கேஸ்காரர் கும்பிட்டார். கோட்டையம்மாள் மேலே வந்து இரண்டு முழம் மல்லிகையைக் கையில் திணித்தாள். "அக்கா போட்டோவுக்குப் போடுங்க" என்றாள்.

போட்டேன். நன்றாகத் தூங்கினேன். மங்களம் போன ஆடி மாதத்துக்குப் பிறகு இதுவே முதல் முறை என்பதால் பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 8

தெருமுனைப் படிப்பகத்தில் படிக்க யாரும் வருவதில்லையாதலால் இடம் காலியாக இருக்கிறது. காலை பத்து முதல் ஒன்று வரை அங்கே உட்காருகிறேன். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு, முகவரி மாற்றம், சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிக் காப்பீட்டு அட்டை. எல்லாவற்றுக்கும் ஒரு கைப்பேசி எண் கேட்கிறார்கள். சிலரிடம் கைப்பேசி இல்லை. சிலரிடம் இருந்தாலும் ரீசார்ஜ் இல்லை. எல்லோருக்கும் என் எண்ணையே போட்டுவிடுகிறேன். இதுவரை இருபத்து மூன்று பேர்.

ஏழைகளுக்குச் சேவை செய்ய இத்தனை தத்துவ நூல்கள் தேவையில்லை, ஒரு சார்ஜர் போதும் என்று தெரிகிறது.

பிப்ரவரி 20

நாற்பத்தொன்று.

மார்ச் 6

இன்று செய்தது இதுவரை செய்ததிலெல்லாம் பெரியது.

சோலைராஜ், முப்பத்தாறு வயது, சரக்கு ஆட்டோ ஓட்டியவன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். மனைவி நாகவள்ளி காலையில் இடியாப்பம் விற்கிறாள். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசையில் பதிய வேண்டும், படிவம் புரியவில்லை என்று வந்தார்கள். நானே கூடப் போனேன்.

ஒருங்கிணைப்பாளர் ஜெபராணி அம்மையார் தெளிவாக விளக்கினார். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதித்தால், இரத்தப் பிரிவு பொருந்துகிறவர்களை வரிசைப்படி அழைப்பார்கள். எடுத்தால் உடனே வர வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்தவரை அழைப்பார்கள்.

"போன் நம்பர் ரெண்டு குடுங்க. பேஷன்ட் வீட்டு நம்பரா இருந்தா நல்லது."

நாகவள்ளி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு பட்டன் போனை எடுத்தாள். ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. அதை வாங்கிப் பார்த்தேன். தமிழில் குறுஞ்செய்தி வந்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிற ரகம். பாதி எண்கள் அழிந்துவிட்டன.

"இது எடுக்கும் சார். ஒரு மணி அடிக்கிறதுக்குள்ள எடுத்துருவேன்" என்றாள்.

"இது வேண்டாம்மா. முக்கியமான விஷயம்" என்றேன்.

என் கைப்பேசி எண்ணையும் வீட்டுத் தரைவழித் தொலைபேசி எண்ணையும் கொடுத்தேன். அம்மையார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "நீங்க எப்பவும் எடுப்பீங்களா சார்?"

"அதுதான் என் வேலை" என்றேன். ஓய்வு பெற்ற பிறகு இந்த வாக்கியத்தைச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. நன்றாக இருந்தது.

மார்ச் 29

தெருவில் எனக்கு 'ஓடிபி சார்' என்று பெயர் வந்துவிட்டது. தாய் தந்தையர் வைத்த தெய்வசிகாமணி என்ற பெயரை அறுபத்து மூன்று வருடம் சுமந்தும் யாரும் இவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதில்லை.

குளிக்கும்போது கைப்பேசியைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கயல்விழி பேத்தியின் காது குத்துக்கு அழைத்தாள். வர இயலாது என்றேன். "போனை எடுத்துக்கிட்டு வாங்கப்பா, அது எங்கேயும் வேலை செய்யும்" என்றாள். ரயிலில் வழியெல்லாம் சிக்னல் கிடைப்பதில்லை என்று விளக்கினேன். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட கருவியால் நான் தெருவைத் தாண்ட முடியாமல் இருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 18

வெயில் கடுமை. சோலைராஜ் டயாலிசிஸ் முடிந்து நாகவள்ளியோடு நேராகப் படிப்பகத்துக்கு வந்தான். நாளொன்றுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவனுக்கு அனுமதி. நாகவள்ளி காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவாள். சாயங்காலம் வரை அதைத் தொட்டுத் தொட்டு ஓட்ட வேண்டும்.

"இந்தப் புள்ள இருக்கே சார், ரேஷன் கடைக்காரன் தோத்தான். வாய் கொப்புளிச்சாக்கூட, முழுங்கிட்டியான்னு தொறந்து பாக்குறா" என்றான்.

"பாக்காம? போன மாசம் கொழாயடியில நின்னு குடிச்சுட்டு, மூச்சு முட்டி, ஆட்டோவுல அள்ளிட்டுப் போனது யாரு? நானா?" என்றாள் நாகவள்ளி.

"சார், ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். கிட்னி வந்துச்சுன்னா மொத நாளு யாரும் என்னையத் தடுக்கக் கூடாது. ஒரு சொம்பு. அண்ணாந்து."

"மொதல்ல வரட்டும்" என்றாள் அவள். பிறகு என் கைப்பேசியைக் காட்டி, "இன்னிக்கு ஏதும் அடிச்சுச்சா சார்?"

தினமும் கேட்கிறாள். இல்லை என்று தினமும் சொல்கிறேன். அவள் கேட்பதற்காகவே காலை பத்துக்கு முன்பே போய்விடுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க ஆதாரம் இல்லை.

மே 27

வடகரை நற்பணி மன்றச் செயலாளர் உக்கிரபாண்டியன் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பாராட்டு விழா. 'கைப்பேசிக் கர்ணன்' என்று பட்டம். இதெல்லாம் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது மண்டபம் எது என்று கேட்டேன்.

மே 30

வெள்ளைச் சட்டையை வெளுக்கப் போட்டேன்.

ஜூன் 8

விழா ஐந்து மணிக்கு என்று அச்சிட்டு, ஆறுக்கு ஆரம்பித்தார்கள். சிறப்பு விருந்தினர் ஏழேகாலுக்கு வந்தார். அதுவரை வரவேற்புரையே தொடர்ந்தது. என்னைப் பற்றி இவ்வளவு சொல்ல இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சில செய்திகள் வேறு யாரைப் பற்றியோ இருக்கலாம்.

அந்த வரவேற்புரை தொடங்கிய ஐந்தாவது நிமிடம் கைப்பேசி அலறியது. கோட்டையம்மாளின் கொழுந்தனார், ரேஷன் விஷயமாக. மண்டபம் சிரித்தது. உக்கிரபாண்டியன் மைக்கில், "பாத்தீங்களா, மேடையிலயும் சேவை!" என்றார். கைதட்டல். அது ஓய்ந்ததும் காதோடு, "சார், அதக் கொஞ்சம் அமுக்கிப் போடுங்க. வீடியோ ஓடுது" என்றார்.

ஒலியை அணைத்தேன். கைப்பையில் வைத்தேன். பிறகு அதன் மேல் சால்வைகளை வைத்தேன். விழாவில் மொத்தம் ஒன்பது சால்வை. எனக்குப் போட்டது நான்கு. மீதி, போட்டவர்களுக்குப் போட்டது.

சோலைராஜும் நாகவள்ளியும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். அவனுக்கு இடது கையில் டயாலிசிசுக்கு ஊசி ஏற்றுகிற நரம்பு. அதை அதிரவிடக் கூடாது. அதனால் எனக்குப் பட்டம் கொடுத்தபோது வலது கையால் முன் நாற்காலியின் முதுகில் தட்டித் தட்டிக் கைதட்டினான். முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். அதையும் மேடையிலிருந்து பார்த்தேன். மங்களம் இருந்திருந்தால் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

சிற்றுரை ஆற்றினேன். "ஏழை அழைக்கும்போது எடுக்கிற கைதான் கை" என்றேன். நல்ல வரவேற்பு.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, எடுக்காத அழைப்புகள் பதினொன்று. ஏழு ஒரே எண்ணிலிருந்து. மதுரைத் தரைவழி எண். யாரோ அவசரக்காரர். காலையில் பார்க்கலாம்.

ஜூன் 9

பெரியாஸ்பத்திரி எண்.

ஜூன் 10

நேற்று அதற்கு மேல் எழுத இயலவில்லை. கை வலி.

நேரில் போனேன். ஜெபராணி அம்மையார் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நேரங்கள் வரிசையாக, நல்ல கையெழுத்தில் இருந்தன. ஆறு இருபது. ஆறு இருபத்து நான்கு. ஆறு முப்பது. கடைசி, ஏழு ஐந்து. நடுவில் மூன்று முறை என் வீட்டுத் தரைவழி எண்.

"பொருந்துனவங்கள்ல அவர்தான் முதல்ல இருந்தார் சார். ஞாயித்துக்கெழம ஒரு பையன். பைக் விபத்து. நாலு மணிக்கு அவங்க அம்மா கையெழுத்துப் போட்டாங்க. ஏழு அஞ்சுக்கு மேல எங்களால காத்திருக்க முடியாது. அடுத்தவரக் கூப்பிட்டோம். அவர் ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டார்."

"மறுபடி எப்போது..."

"அத யாரும் சொல்ல முடியாது சார்." பதிவேட்டை மூடினார். "பேஷன்ட் ஊர்ல இல்லையா?"

"இருந்தார்."

"எங்க?"

மண்டபத்தில் என்றேன். எந்த மண்டபம் என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 11

தக்காளி, கத்தரிக்காய், அரைக் கீரைக்கட்டு. மின்விசிறிக்கு மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டும்.

"இன்னிக்கு ஏதும் அடிச்சுச்சா சார்?" என்று நாகவள்ளி கேட்டாள். இன்று அடிக்கவில்லை. ஆகவே இல்லை என்றேன். சொன்னது உண்மை.

ஜூன் 12

அதே கேள்வி. அதே உண்மை.

ஜூன் 15

கயல்விழி பேசினாள். விழா வீடியோ பார்த்தாளாம். "எவ்வளவு நாளாச்சுப்பா, நீங்க இப்படிச் சிரிச்சு" என்றாள். எந்த இடத்தில் சிரிக்கிறேன் என்று கேட்டேன். வரவேற்புரையின் நடுவில் என்றாள். வீடியோவில் கடிகாரம் தெரியுமா என்று கேட்டேன். "எதுக்குப்பா?" சும்மா.

தெரிகிறது. நானும் பார்த்தேன். மேடைக்குப் பின்சுவரில், என் தலைக்கு மேல். ஆறு முப்பது.

ஜூன் 20

சோலைராஜைத் தனியே பார்க்க டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். நாகவள்ளி மாத்திரை வாங்க வெளியே போயிருந்தாள். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் இரத்தம் குழாயில் வெளியே போய்த் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்தபடியே சொன்னேன். நாள், நேரம், எத்தனை அழைப்பு, எல்லாவற்றையும் ஓர் ஆவணத்தை வாசிக்கிற மாதிரி சொல்லி முடித்தேன்.

அவன் நாற்காலியைத் தட்டிய அந்த வலது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப, நாங்கூட அங்கதான் இருந்தேன்ல?"

"ஆமாம்."

"இவளும்."

"ஆமாம்."

"சார், ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இத இவகிட்டச் சொல்லிராதீங்க."

"சொல்லாமல் எப்படி? அவள் என்னைத் திட்ட வேண்டும்."

"உங்களத் திட்டிட்டுப் போறா, அது பெருசில்ல. அன்னிக்குப் பூரா அவ போனு இடுப்புலயே கெடந்துச்சு, சார். அத நெனச்சு நெனச்சு அவ தன்னையே தின்னுருவா. அன்னிக்கு நம்ம போனையும் எழுதுங்கன்னு சண்டை போட்டிருந்தா என்னன்னு." இயந்திரம் ஏதோ கூவியது. நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனாள். அவன் சிரித்த மாதிரி செய்தான். "சால்வை பட்டா சார்?"

"இல்லை. பாலியெஸ்டர்."

"ஏமாத்திட்டானுக." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நம்பர மட்டும் மாத்தி எழுதிருங்க."

ஜூன் 23

நாகவள்ளியை அழைத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். எனக்கு வயதாகிவிட்டது, காது சரியில்லை, எண்ணை மாற்றுவதே நல்லது என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

"நல்லாத்தான கேக்குது உங்களுக்கு?" என்றாள் நாகவள்ளி.

ஜெபராணி அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "நம்பர் சொல்லுங்கம்மா" என்றார்.

நாகவள்ளி ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

ஜூலை 12

அவள் இப்போது குளிக்கப் போனால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். யார் அழைத்தாலும் எழுந்து நின்றுதான் எடுக்கிறாள். நேற்றுக் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் அழைத்திருக்கிறாள். அவள் 'வணக்கம்' என்று ஆரம்பிப்பதற்குள் இவள், "ஆஸ்பத்திரிங்களா? இந்தா கெளம்பிட்டோம்ங்க" என்று சொல்லி, இடியாப்பத் தட்டை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் ஓடியிருக்கிறாள். படிப்பகத்தில் இதைச் சொல்லி அவளே சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சோலைராஜும் சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை மிக லேசாக அசைத்தான்.

ஜூலை 13

என்னிடம் யாரும் இப்போது 'ஏதும் அடிச்சுச்சா' என்று கேட்பதில்லை.

ஜூலை 30

மங்களத்துக்கு முதல் வருடத் திதி. கயல்விழி வந்திருந்தாள். நான் மெலிந்துவிட்டேனாம். "நிறையப் பேருக்கு உதவி செய்றீங்க, சந்தோஷமா இருக்கீங்கதானே?" என்று கேட்டாள். பாயசத்தில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

இதுவரை என் எண்ணைக் கொடுத்தவர்கள் எண்பத்தெட்டு. இந்த மாதம் பதினேழு பேருக்கு அவரவர் எண்ணையே, அல்லது மகன், மருமகள் எண்ணை எழுதி மாற்றினேன். "ஏன் சார், எங்க மேல கோவமா?" என்று கோட்டையம்மாள் கேட்டாள். அவள் மட்டும் மாற்ற மறுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6

சோலைராஜுக்குக் குளிர் காய்ச்சல். ஊசி ஏற்றும் இடத்தில் சீழ் பிடித்து இரத்தத்தில் கலந்துவிட்டது என்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு. நாகவள்ளி வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது.

"இப்ப ஒண்ணு வந்துச்சுன்னா வைப்பாகளா சார்?"

காய்ச்சல் இருக்கும்போது வைக்க மாட்டார்கள் என்று ஜெபராணி அம்மையார் முன்பே சொல்லியிருந்தார்.

"முதலில் காய்ச்சல் இறங்கட்டும்" என்றேன்.

"அப்ப இந்த ரெண்டு நாளைக்கு வராம இருக்கட்டும்" என்றாள், போனைப் பார்த்து.

ஆகஸ்ட் 11

காலை நான்கு ஐம்பது.

ஆகஸ்ட் 12

தத்தனேரி மயானத்தில் நின்றுகொண்டிருந்தபோது இரண்டு ஓடிபி வந்தது. இரண்டையும் சொன்னேன்.

ஆகஸ்ட் 26

நாகவள்ளி வந்தாள். கையில் இறப்புச் சான்றிதழுக்கான படிவம். ஆட்டோவை அவள் பெயருக்கு மாற்ற அது வேண்டுமாம். உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தாள். இடுப்பில் சுருக்குப்பை இல்லை.

பெயர், வயது, தந்தை பெயர், முகவரி எழுதினேன். அவன் தந்தை பெயர் வீரணன் என்று இன்றுதான் தெரிந்தது.

"போன் நம்பர் கேட்டிருக்கிறார்கள். உன் நம்பர் சொல்லும்மா."

"அது வேணாம் சார். அணைச்சுப் பொட்டிக்குள்ள போட்டுட்டேன். அடிச்சா, நான் பாட்டுக்கு எந்திரிச்சு நின்னுர்றேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "உங்க நம்பரையே போடுங்க. நீங்கன்னா எடுப்பீக."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்மா."

"என்ன சார், ஆதார் ஜெராக்ஸா?"

அவள் அதற்குள் துணிப்பையைத் திறந்து தேட ஆரம்பித்திருந்தாள். இருவர் ஆதாரும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருந்தன. எது அவனுடையது என்று பார்க்காமலே எடுத்து நீட்டினாள். சரியானதுதான்.

"ஆமாம்" என்றேன்.

என் எண்ணை எழுதினேன்.

ஆகஸ்ட் 29

சோலைராஜ் த/பெ வீரணன் அவர்களின் இறப்புச் சான்றிதழ் தயாராகிவிட்டதாகப் பிற்பகல் 2.10க்கு என் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்தது. நகல் இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.